வலிக்காப்பு

இரத்தக் கொதிப்புக்கு வாய் கிடையாது. பல் வலித்தால் ஊரைக் கூட்டலாம். காலில் முள் ஏறினால் நொண்டிக்கொண்டாவது நாலு பேரிடம் சொல்லலாம். இந்தச் சனியன் மட்டும் சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் உடம்புக்குள் குடியிருந்து, இரண்டு சிறுநீரகத்தையும் அரித்துத் தின்றுவிட்டு, கடைசியில் வீட்டுக்காரனையே காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பும்.

அப்படி ஒன்று தன் உடம்பில் குடியிருக்கிறது என்பதை ஐம்பத்திரண்டு வயது வரை கஸ்பார் நம்பவில்லை. தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுவது அவர் தொழில். படகுகளெல்லாம் பேட்டரியில் ஓடத் தொடங்கி, கொச்சியிலும் துபாயிலும் இருக்கிற வியாபாரிகள் திரையில் முகம் காட்டி விலை கேட்கிற காலம் வந்த பிறகும், ஏலம் கூற மனுஷன்தான் வேண்டியிருந்தது. நடுவில் ஒரு மாதம் பேசுகிற பெட்டியை வைத்துப் பார்த்தார்கள். பெட்டி அழகாகத்தான் பேசியது. விலைதான் ஏறவில்லை. கஸ்பார் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "இந்தச் சீலா மீனப் பாத்துட்டும் சும்மா நிக்கிறவன் நாளையிலிருந்து கத்திரிக்காய வாங்கித் தின்னுங்கலே!" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், துபாய்க்காரனுக்கே ரோஷம் வந்துவிடும்.

"எனக்கா பிரஷரு? ஒரு தலவலி கூட வந்தது கெடயாது டாக்டரு," என்றார், டாக்டர் மீனலோசனி முதல்முதலாக அளந்து பார்த்துச் சொன்னபோது.

"அதான் அண்ணாச்சி வம்பே. வலிச்சிருந்தா எப்பவோ வந்திருப்பீங்க. இது பல வருஷமா இருக்கும் போலத் தெரியுது. கிட்னி இப்பவே கொஞ்சம் களைச்சிருக்கு."

டாக்டர் இரண்டு விதமான மாத்திரை எழுதினாள். நெஞ்சில் ஒட்டிக்கொள்ள ஒரு சின்ன வில்லையும் கொடுத்தாள். அழுத்தம் ஏறினால் அது கிர்ரென்று அதிரும். முதல் வாரம் ஏலத்தின் நடுவில் அது அதிர்ந்தபோது கஸ்பாருக்கு வாய் குழறி விலை மாறிப்போனது. அன்றைக்குச் சாயங்காலமே வில்லையைப் பிய்த்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார்.

அடுத்த தடவை டாக்டர் திட்டவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் அந்த வில்லை வாங்கிய ஆண்களில் பாதிப் பேர் அதைப் பானையிலோ பரணிலோதான் வைத்திருந்தார்கள். "அடுத்த மட்டம் வீட்டுல அக்காவயும் கூட்டிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

கஸ்பாரின் மனைவி செசிலி வந்தாள். டாக்டர் மேசைமேல் ஒரு மெல்லிய கருப்புக் காப்பை எடுத்து வைத்தாள்.

"இதுக்குத் துணைநாடின்னு பேரு. வில்லை அண்ணாச்சி நெஞ்சில இருக்கும், ஆனா இனிமே அதிராது. காப்பு ஒங்க கையில இருக்கும். அவருக்குக் கொதிப்பு ஏறுனா ஒங்களுக்கு வலிக்கும்."

"எனக்கா?" என்றாள் செசிலி.

"அவரு வலிய அவருக்கே குடுத்துப் பாத்தோம், பிய்ச்சுப் போட்டுட்டாரு. ஆம்பளைங்க தன் வலியத் தாங்கிருவாங்கக்கா. பொண்டாட்டி 'ஐயோ'ன்னா தாங்க மாட்டாங்க. நீங்க 'வலிக்குது'ன்னு சொன்னா அவரு ஊறுகாயக் கீழ வைப்பாரு, மாத்திரைய எடுப்பாரு. அவ்வளவுதான் இதோட வேலை. காயமெல்லாம் ஆவாது, நரம்பச் சுண்டுன மாதிரி இருக்கும். இஷ்டமில்லன்னா வேண்டாம்."

கஸ்பார் துள்ளி எழுந்தார். "இது என்ன நியாயம்? நான் கருவாடு தின்னா அவளுக்கு வலிக்கணுமா?"

"பாத்தீங்களா? சொன்ன ஒடனே எப்படி எந்திரிக்கிறாரு!" என்று டாக்டர் சிரித்தாள்.

செசிலி அதற்குள் இடது கையை நீட்டிவிட்டாள்.

ஊரில் யாரும் அதைத் துணைநாடி என்று சொல்லவில்லை. வலிக்காப்பு என்றுதான் பெயர் நிலைத்தது. ஒரு வருஷத்துக்குள் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண்கள் பக்கம் பார்த்தால் பாதிக் கையில் கருப்புக் காப்பு. புருஷனுக்காகப் போட்டவர்கள், அப்பனுக்காகப் போட்டவர்கள், மகனுக்காகப் போட்ட தாய்மார்கள். பிரசங்கம் நீண்டால் எந்த வீட்டு ஆம்பளை எரிச்சல்படுகிறான் என்பது பெண்கள் பக்கம் எழும் முனகலிலேயே தெரிந்துவிடும். பெரிய படகு முதலாளி ஒருவர், வீட்டு ஆட்களுக்கு எதற்குக் கஷ்டம் என்று, சம்பளத்துக்கு ஒரு பெண்ணை அமர்த்தி அவள் கையில் காப்பை மாட்டினார். அவள் 'ஐயோ' என்று அலறினால் முதலாளி ஏ.சி.யைக் கூட்டி வைத்துக்கொண்டு தூங்கினார். சம்பளத்துக்கு அலறுகிறவள் அலறலுக்கு என்ன மரியாதை?

கஸ்பார் வீட்டில் அலறல் என்ற பேச்சே இல்லை. முதல் வாரம் ஒரே ஒரு தடவை செசிலி 'ஆ'வென்று கத்தியது உண்டு. அன்றைக்கு அவர் ஐஸ் கம்பெனிக்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுப் போனை எறிந்துவிட்டு அடுப்படிக்கு ஓடினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்குப் பதறிப்போய்விட்டது. "மாதாவே! ஏட்டி, என்ன செய்யுது? எங்க வலிக்குது? சொல்லுட்டி!" என்று அவர் பதறப் பதற, அவளுக்கு வலி இரண்டு மடங்கானது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நீங்க உக்காருங்க மொதல்ல," என்று அவள் சிரித்துவிட்டாள். அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கி அடங்கியதும் அவளுக்கும் அடங்கியது.

அடுத்த ஒரு மாதம் கஸ்பாரைப் போலப் பத்தியம் இருந்தவர் கிடையாது. உப்பில்லாத ரசத்தைச் சாமி கும்பிட்டுக்கொண்டு குடித்தார். மாத்திரையை மணியடித்தாற்போலப் போட்டார். தினமும் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "இன்னைக்கு வலிச்சுதா?" என்று கேட்பார். "இல்லவே இல்ல," என்பாள் செசிலி. அதைக் கேட்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவார்.

பிறகு மெல்லத் தளர்ந்தது. டாக்டர் கொடுத்த இரண்டு மாத்திரையில் ஒன்று நீர் மாத்திரை. போட்டால் ஒரு மணிக்கொருதரம் ஒன்றுக்குப் போகவேண்டும். ஏலக்கூடத்தில் அது ஆகிற காரியமா? மீனைக் கூறு போட்டு விலை தொடங்கிவிட்டால், முடிகிற வரை கூறுகிறவன் இடத்தை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் ஏலம் செத்துப்போச்சு, மறுபடி முதலில் இருந்துதான் தொடங்கவேண்டும். வாங்க வந்தவன் அதற்குள் மனம் மாறிவிடுவான், மீன்காரன் சாபம் விடுவான். கஸ்பார் ஒருநாள் காலை மாற்றி மாற்றி வைத்து நெளிந்துகொண்டே விலை கூறியதைப் பார்த்து, "அண்ணாச்சி டான்ஸ் ஆடுதாருடோய்" என்று ஒருத்தன் சொன்னான். மறுநாள் அவர் நீர் மாத்திரையைப் போடவில்லை.

சாயங்காலம் பயந்துகொண்டே கேட்டார். "வலிச்சுதா?"

"இல்லவே இல்ல."

அட, இவ்வளவுதானா! அதற்கப்புறம் டீக்கடையில் ஒரு நாள் வறுத்த நெத்திலிக் கருவாடு. "வலிச்சுதா?" "இல்லியே." இன்னொரு நாள் மற்ற மாத்திரையும் மறந்துபோனது. "இல்ல." ஊறுகாய். "இல்ல." தன் உடம்பு தேறிவிட்டது என்று கஸ்பார் முடிவு கட்டினார். டாக்டரிடமிருந்து சோதனைக்குக் கூப்பிட்டு வந்த குறுஞ்செய்திகளையெல்லாம், "நம்மகிட்டதான் நடமாடுற மிஷினே இருக்கே!" என்று அழித்துவிட்டார்.

செசிலி இடது கையில் குடம் தூக்குவதை நிறுத்தியிருந்தாள். புட்டுமாவை வலது கையால் மட்டும் விரவினாள். "வயசாயிட்டு ஒனக்கு," என்று அவர் கேலி செய்தார். "ஆமா, நீங்க மட்டும் எளந்தாரி," என்று அவளும் சிரித்தாள். ஏலத்தில் நடந்ததையெல்லாம் அவர் நடித்துக் காட்ட, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அப்படி ஒரு இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. போனது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் அவருக்குக் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. செசிலி அதைப் பார்த்த மாத்திரத்தில் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

டாக்டர் மீனலோசனி சோதனை முடிவுகளை நெடுநேரம் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க கிட்னி இப்ப நூத்துக்கு முப்பத்தஞ்சுதான் வேலை செய்யுது."

"வலிக்கவே இல்லியே!"

"கிட்னி வலிக்காது. ஒங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லுதேன். அது ரொம்பப் பொடிக்கண் வலை. மெதுவா இழுத்தா ஆயுசுக்கும் வரும். வருஷக்கணக்கா மூர்க்கமா இழுத்தா கண்ணு பிஞ்சிரும். வெளிய போகவேண்டிய கழிவு உள்ள நிக்கும், உள்ள நிக்கவேண்டிய சத்து ஒண்ணுக்கில போயிரும். பிஞ்ச எடத்தத் திரும்பப் பின்ன முடியாது. மிச்சத்தத்தான் காப்பாத்தணும். இப்படியே விட்டா கூடிய சீக்கிரம் ரத்தத்த மிஷின்ல சுத்தம் பண்ணவேண்டி வரும்."

கஸ்பாருக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வரும். "அப்ப இந்தக் காப்பு என்னத்துக்கு? ரெண்டு வருசமா ஒரு நாள் கூட அவளுக்கு வலிக்கல. தெனமும் கேட்டிருக்கேன், மாதா சத்தியமா. உங்க சாமான் கெட்டுப்போச்சு டாக்டரு!"

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். மலையும் பள்ளமுமாக ஒரு கோடு ஓடியது. மலைதான் நிறைய. "வில்லை சரியாத்தான் அளந்து வச்சிருக்கு, நீங்க இங்க வந்தாத்தான் எனக்குத் தெரியும். காப்புக்கும் அனுப்பியிருக்கு. இருங்க, காப்பத்தான் பாத்திருவோம்."

அவள் செசிலியின் கையை மேசைமேல் வைத்து எதையோ தட்டினாள். "வலிக்குதா அக்கா?"

"இல்ல டாக்டர்."

இன்னும் கொஞ்சம் கூட்டினாள். "இப்ப?"

"இல்ல." செசிலியின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. சுண்டுவிரல் மட்டும் தானாக உள்பக்கம் மடங்கிக்கொண்டது.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்லா?" என்றார் கஸ்பார்.

டாக்டர் எழுந்து வந்தாள். காப்பைக் கழற்றினாள், கஸ்பாரின் கையில் மாட்டினாள், அதே அளவில் வைத்துத் தட்டினாள்.

"சேசுவே!" கஸ்பார் நாற்காலியோடு பின்னால் போனார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் யாரோ நரம்பை உருவி முறுக்கினாற்போல இருந்தது. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வலி நின்ற பிறகும் அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு செசிலியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏட்டி," என்றார். ஏலக்கூடத்தை அதிரவைக்கிற குரல் காற்றாகத்தான் வந்தது. "இதயா நீ... தெனமுமா?"

"தெனமும் எங்க? சில நாளு கொஞ்சந்தான்."

"எனக்கிட்ட ஏம்ட்டி சொல்லல?"

செசிலி சேலை நுனியைத் திருகினாள். "சின்னதுல, ஈஸ்டருக்கு முந்துன தவசுகாலத்துல காலுல முள்ளு குத்தி அழுதா, எங்கம்மா, 'கத்தாத. செத்துப்போயி உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக அந்த வலிய ஒப்புக்குடு. வாய் விட்டுச் சொல்லிட்டா ஒறுத்தல் வீணாப் போயிரும்'ன்னு சொல்லும். நான் எல்லாத்தயும் அப்படித்தான் ஒப்புக்குடுப்பேன். மூத்தவளப் பெறும்போது கூட நான் கத்தல, ஒங்களுக்குத் தெரியும்லா? டாக்டரம்மா, இவியளோட வலி எனக்கு வரும்னு நீங்கதான சொன்னீங்க. சரி, நான் வாங்கிக்கிட்டா அந்த அளவுக்கு இவியளுக்குக் கொறையும்லான்னு நெனச்சேன். ஒவ்வொரு வலியயும் இவிய கிட்னிக்குன்னு சொல்லி ஒப்புக்குடுத்தேன். சொன்னா இவிய பதறுதாக, பதறுனா இன்னும் ஏறுது. அதான் வாய மூடிக்கிட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அக்கா, வலி ஒங்ககிட்ட வந்து சேரல. நகல்தான் வந்துச்சு. அசல் அவரு ஒடம்புலயேதான் இருந்துச்சு. நீங்க கத்துறதுதான் மருந்து. இதச் செஞ்சவங்க, பாசம் இருந்தா கத்துவாங்கன்னு நெனச்சுச் செஞ்சிட்டாங்க. பாசத்துல வாய மூடிக்கிறவங்களும் உண்டுன்னு அவங்களுக்கும் தோணல, எனக்கும் தோணல."

செசிலிக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியதில் அவருக்கு ஒரு துளி கூடக் குறையவில்லை, தாங்கியதால்தான் கிட்னி போனது. அவள் அழத் தொடங்கினாள். அவள் அழுது கஸ்பார் அதிகம் பார்த்ததில்லை. எழுந்து போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அழாத. தப்பு எம்மேல. கருவாட்டத் தின்னது நானு, மாத்திரையப் போடாதது நானு. ஒன் வாயி மேல பழியப் போட்டுட்டு நிம்மதியா இருந்திருக்கேன், மடப்பய!"

டாக்டர் அதற்குள் செசிலியின் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றி அளந்துகொண்டிருந்தாள். அளவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. மறுபடி அளந்தாள்.

"நூத்தி எழுவதுக்கு நூறு. ஒங்களுக்கும் கொதிப்பு இருக்குக்கா. எவ்வளவு நாளாவோ."

"எனக்கு ஒரு தலவலி கூட..." என்று தொடங்கிய செசிலி பாதியில் நிறுத்தினாள்.

"இந்த ஊருல அத்தன பொம்பளைங்க கையில காப்ப மாட்டியிருக்கேன்," என்றாள் டாக்டர் மெதுவாக. "ஒருத்தர் கையிலயாவது பட்டையச் சுத்தி அளந்து பாத்தேனா? ஆம்பளைங்க அளவத்தான் ஒக்காந்து பாத்துட்டிருந்திருக்கேன். நாளைக்கே எல்லாரையும் வரச்சொல்லணும்."

வலியை மறைத்தவர்களுக்குக் காப்பு கொடுக்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. வேறு ஆள் யாரையாவது சொல்லுங்கள் என்றாள் டாக்டர். பிள்ளைகள் வெளிநாட்டில். சம்பளத்துக்கு ஆள் வைக்கிற பேச்சை எடுக்கவே கஸ்பார் விடவில்லை.

"ரெண்டு பேருக்கும் போடுங்க," என்றார். "அவ நெஞ்சில ஒரு வில்லை, எங்கையில ஒரு காப்பு. எனக்கு ஏறுனா அவளுக்கு வலிக்கட்டும், அவளுக்கு ஏறுனா எனக்கு வலிக்கட்டும். அவ மறைச்சா என் கிட்னிதான் போவும்னு அவளுக்குத் தெரியும், நான் மறைச்சா அவ கிட்னி போவும்னு எனக்குத் தெரியும். இனிமே எவன் மறைப்பான்?"

"அதுல ஒரு ஆபத்து இருக்கு அண்ணாச்சி. ஒருத்தருக்கு ஏறி, அந்த வலியில இன்னொருத்தருக்கு ஏறி, அது திரும்ப இவருக்கு ஏறி, சங்கிலி மாதிரி போயிட்டே இருக்கும்."

"நாங்க கல்யாணம் கட்டுன நாளுல இருந்து அப்படித்தான் போயிட்டிருக்கு."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலிடத்தில் அனுமதி வாங்க நாளானது. சங்கிலி மூன்றாவது சுற்றுக்குப் போனால் தானாக நின்றுவிடுகிற மாதிரி வைத்துக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்த கூத்தைக் கேட்கவேண்டுமே! செசிலிக்கு 'வலிக்குது' என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வயதுக்கு மேல் அதைப் படிக்கவேண்டியிருந்தது. முதலில் முணுமுணுத்தாள். "சத்தமாச் சொல்லுட்டி, ஏலம் கூறுற மாதிரி," என்று கஸ்பார் பழக்கினார். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "ஏங்க, வலிக்குது! என்னத்தத் தின்னீங்க?" என்று கேட்கிற அளவுக்குத் தேறினாள். கஸ்பாருக்கோ, செசிலி எதற்கெல்லாம் கொதிக்கிறாள் என்பதே புதினமாக இருந்தது. மகள் போனில் பேசி முடித்த பிறகு ஏறியது. அவர் வரத் தாமதமானால் ஏறியது. வெளியே சிரித்துக்கொண்டு தண்ணீர் கொடுக்கிறவளுக்கு உள்ளே இவ்வளவு ஓடுகிறதா என்று அவர் பல தடவை கையைத் தடவிக்கொண்டு யோசித்தார். அடுத்த சோதனையில் இருவருக்கும் அளவு இறங்கியிருந்தது. மிச்சமிருந்த முப்பத்தைந்தும் அப்படியே நின்றது.

ஏலக்கூடத்தில் மட்டும் அந்த நீர் மாத்திரைச் சிக்கல் பாக்கி இருந்தது. அதுவரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுகள் கடலுக்குப் போகவில்லை. நீர் மாத்திரையைப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். தடை முடிந்து படகுகள் கரைக்கு வருகிற முதல் நாள் வந்தது. வருஷத்திலேயே பெரிய ஏலம் அன்றைக்குத்தான். வெளியூர் வியாபாரிகள் நேரிலேயே வந்திருந்தார்கள். கஸ்பார் காலையில் மாத்திரையைக் கையில் எடுத்தார். அன்றைக்கு ஒருத்தன் டான்ஸ் என்று சொன்னது ஞாபகம் வந்தது. இன்னைக்கு ஒரு நாள்தானே என்று மாத்திரையைக் குருசுப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுக் கிளம்பினார். சாமிக்குப் பின்னால் ஒளித்தால் சாமிக்குத் தெரியாது போல!

சாயங்காலம் சீலாக் கூறு தொடங்கியது. ஆள் உயரத்துக்கு மீன். கொச்சிக்காரன் கேட்டான், துபாய்க்காரன் ஏற்றினான், சென்னைக்காரன் அதற்கு மேலே போனான். கஸ்பாரின் குரல் கூரையில் போய் முட்டியது. சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ஒரு தரம்!" என்றார். "ரெண்டு தரம்!"

மணிக்கட்டில் பிடித்தது. இதுவரை அவளிடமிருந்து அப்படி ஒரு வலி வந்ததே இல்லை. முறுக்கியது, விடவில்லை. நின்றது, மறுபடி முறுக்கியது.

இரண்டாம் தரம் கூறிய வாய் அப்படியே நின்றது. கூட்டம் முழுக்க அவரைப் பார்த்தது. மீன்காரன், "அண்ணாச்சி, மூணாந்தரம் சொல்லுங்க!" என்று கத்தினான். கஸ்பார் மேடையிலிருந்து குதித்தார். பின்னால் யாரோ, "ஏலம் செத்துப்போச்சுலே!" என்று அலறியது காதில் விழுந்தது. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று போனது.

வீடு கிட்டத்தில்தான். ஆனால் அன்றைக்கு அந்தத் தெரு முடிவேனா என்றிருந்தது. விழுந்திருப்பாள். அடுப்படியில் விழுந்து கிடப்பாள். வாய் கோணிப்போய்... ஐயோ, பனிமய மாதாவே, அவ இல்லாம நான் என்ன செய்வேன்? அழுகிறோம் என்பது தெரியாமல் அழுதுகொண்டு ஓடினார்.

கதவு திறந்தே கிடந்தது. செசிலி மின்விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, இன்னொரு கையில் குருசுப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த அந்த நீர் மாத்திரை.

"ஏட்டி! ஒனக்கு என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்களுக்குத்தான் மத்தியானத்துல இருந்து ஏறிக்கிட்டே இருக்கு. எங்கைய பாருங்க, தூக்க முடியல. எத்தன மட்டம் போன் போட்டேன்? ஏலத்துல நின்னா ஒங்களுக்கு எங்க காது கேக்கும்? அதான் வேற வழியில கூப்பிட்டேன்."

"எப்படி?"

"நம்ம கல்யாணப் பந்தியில ஒங்க அக்கா எங்கம்மாவப் பாத்து ஒரு வார்த்த சொன்னாகள்லா? அத ஒக்காந்து நெனச்சேன். ரெண்டு நிமிசத்துல ஏறிட்டு. நீங்க வரத் தாமசமாகவும், மறுபடி ஒரு மட்டம் நெனச்சேன்."

கஸ்பார் அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து அவரை மூச்சுமுட்டவைத்தது.

"வாற வழியெல்லாம் நீ செத்துட்டன்னே நெனச்சேன்ட்டி," என்றார்.

செசிலி மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"ரெண்டு வருசம் தெனமும் ஏலம் முடிஞ்சு நீங்க வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும், நான் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

அவர் மாத்திரையை வாயில் போட்டார். செம்புத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவள் அவர் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

போன் அடித்தது. ஏலக்கூடத்துக் கணக்குப்பிள்ளை. "அண்ணாச்சி, ஒருத்தனும் நகரல. மீனு ஐஸ்ல கெடக்கு. பேசுற பெட்டியக் கொண்டாந்து வைக்கவான்னு கேட்டா, வேண்டாம், அவரே வரட்டும்னு கொச்சிக்காரரே சொல்லிட்டாரு. வருவீங்களா, மாட்டீங்களா?"

கஸ்பார் செசிலியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாரேன்லே. ஆனா எல்லாருகிட்டயும் சொல்லிரு. எனக்குக் கிட்னி பாதிக்கு மேல போயிட்டு. நீர் மாத்திர போட்டிருக்கேன். கூறு நடுவுல எனக்கு ஒண்ணுக்கு வந்தா போயிட்டுத்தான் வருவேன். அதுவரைக்கும் எவனும் வெலய மாத்தக்கூடாது. சம்மதம்னா வாரேன், இல்லன்னா பெட்டிய வச்சு ஓட்டுங்க."

கணக்குப்பிள்ளை போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்திருந்தான் போல. அந்தப் பக்கம் கூட்டம் முழுக்கச் சிரிக்கிற சத்தம். அந்தச் சிரிப்புக்கு நடுவில் வயதான குரல் ஒன்று, "அண்ணாச்சி, எனக்குந்தான் அந்த மாத்திர குடுத்திருக்கு, நான் வெக்கப்பட்டுக்கிட்டுப் போடுறதில்ல," என்றது. "எனக்கும்," என்றது இன்னொன்று. கொச்சிக்காரர் மலையாளத்தில் ஏதோ சொன்னார். அதுவும் அதே சங்கதிதான் என்று தெரிந்தது.

செசிலி எழுந்து, அவருக்குப் போட்டுக்கொள்ள வேறு செருப்பு தேடி எடுத்துக் கொடுத்தாள். பிறகு தானும் சேலையைச் சரிசெய்துகொண்டு, கதவைப் பூட்டிவிட்டு, அவரோடு ஏலக்கூடத்துக்கு நடந்தாள்.